வீட்டில் – 2 பேர்

பீர்க்கன்கரணை,
சென்னை-63.
21.1.1992

சௌ. நாகலக்ஷ்மிக்கு, ஆசீர்வாதம்.

இங்கே நான் க்ஷேமம். அங்கே ஜபல்பூரில் நீயும் உன் பாங்க் கிளையும் க்ஷேமமாக இருக்க வேண்டும்.

பீர்க்கன்கரணை ஏரியை இனி இடமாகச் சுற்றுவது என்று முடிவாகிவிட்டது. காலை நடையாளர் சங்கம் தோன்றிய நாளிலிருந்து, அதாவது ஆறு வருஷமாக, வலமாகவே சுற்றிவந்தோம் என்பது உனக்குத் தெரியும். சென்ற வெள்ளிக்கிழமை, காணும் பொங்கலன்று மாலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி உயரத்தில், ஒரு தகரக் கொட்டகையில் கூடிய அவசரக் கூட்டம் இந்த முடிவை எடுத்தது. ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஐந்து. காரியதரிசி ராஜகோபாலன் தமக்கு உள்ள இரண்டாவது ஓட்டைப் போட்டு விஷயத்தைத் தீர்த்தார். பதினோராவது உறுப்பினர் கூட்டத்துக்கு வரவில்லை. அது நான்.

நடந்த விவாதத்தைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாதம் ஒரு முறை திருநீர்மலைக்கு நடந்தே போய்ச் சேவித்துவிட்டு வரும் ஸ்ரீரங்கன், "இடமாச் சுத்தறது அபரகாரியத்துக்குன்னா! உசிரோட இருக்கறவா பண்ணப்படாது" என்று வாதாடினார். பெருங்களத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜெயவேலு, "வலமா போனா சூளையாண்ட இருக்கிற நாயி கடைசில வருது சார். அப்ப கால்ல தெம்பு இருக்காது. இடமா போனா முதல்லயே வந்துடும், ஓடறதுக்கு சத்து கீது" என்றார். ஏரியில் சாமி இல்லை, மார்ச்சுக்கு மேல் தண்ணீரும் இல்லை, ஆகையால் சாஸ்திரம் இங்கே பொருந்தாது என்று ராஜகோபாலன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நீ மூன்று கடிதங்களாகக் கேட்டுவரும் ரேஷன் கார்டு விஷயத்தை நான் மறக்கவில்லை. ஹாஸ்டலை விட்டுவிட்டு வீடு பிடித்திருக்கிறாய். அங்கே கெரசினுக்கும் காஸுக்கும் கார்டு வேண்டும். கார்டு வேண்டுமானால் இங்குள்ள கார்டிலிருந்து உன் பெயரை நீக்கியதற்குச் சான்று வேண்டும். எல்லாம் புரிகிறது. இரண்டு அறை உள்ள வீடு என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில் இன்னொரு முறையும் இரண்டு அறை என்று எழுதியிருந்தாய். படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மலை.

தீபாவளிக்கு ஜபல்பூர் வர லீவு இல்லை என்று எழுதிய மனிதர் மலைக்கு மட்டும் எப்படிப் போனார் என்று நீ கேட்கலாம். பொங்கல் விடுமுறையோடு சனிக்கிழமைக்கு ஒரு கேஷுவல் லீவு சேர்த்தேன். ஜபல்பூருக்குப் போகவே ஒன்றரை நாள், நடுவில் இட்டார்சியில் வண்டி மாற வேண்டும், திரும்பி வர ஒன்றரை நாள். மலை அப்படி அல்ல. தாம்பரத்தில் பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறினால் போளூர். அங்கிருந்து மலை பஸ். இறங்கின இடத்திலிருந்து நடை. எல்லாவற்றையும் விட, இந்தப் பயணத்துக்கு அக்டோபரிலேயே பெயர் கொடுத்தாகிவிட்டது.

அக்டோபரில் நீ பொங்கலுக்குப் பத்து நாள் வருவதாக எழுதியிருந்தாய். ராஜகோபாலன் நோட்டும் பேனாவுமாக ஏரிக்கரையில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்களின் மனைவிமார், மலையில் கக்கூஸ் உண்டா என்ற ஒரே கேள்வியைத் தனித்தனியே கேட்டு, ஒரே பதிலைப் பெற்று, விலகிக்கொண்டார்கள். என்னிடம் வந்ததும், "ஆத்துல வராளா ஓய்?" என்றார். வருகிறாள் என்றேன்.

ராஜகோபாலன் சர்க்கார் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவர். மனைவி என்ற சொல்லை எழுத அவருக்குக் கை வராது. வாயால் 'ஆத்துல' என்றதை, வெளி ஆபீசுக்குப் போகிற கடிதம் என்பதால் நல்ல தமிழாக்கி, பட்டியலில் இப்படி எழுதினார்: "11. லக்ஷ்மிநாராயணன் – வீட்டில் – 2 பேர்."

மலையில் தங்கக் குடிசைகளை ஒதுக்கிக் கொடுக்கும் அடிவாரத்து வனத்துறை ஆபீசில் யாரோ ஒருவர் அதை அப்படியே படித்திருக்கிறார். மற்றப் பத்துப் பேர் கொட்டகையில் படுத்துக்கொள்வார்கள், இந்தப் பதினோராம் நம்பர் ஆசாமிகள் இரண்டு பேர் மட்டும் வீட்டில்தான் தங்குவார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டதில் தவறு சொல்ல முடியாது. 'ஆத்துல' என்றே எழுதியிருந்தால் என்னை ஓடையில் போட்டிருப்பார்கள்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி, கிளையில் இன்ஸ்பெக்ஷன், வருவதற்கில்லை என்று நீ எழுதினாய். அதை நான் ராஜகோபாலனிடம் சொல்லவில்லை. சந்தர்ப்பம் அமையவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் நடக்கிறேன் என்பதைத் தவிர வேறு சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை விடிகாலை கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில்தான் ராஜகோபாலன் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆத்துல எங்கே?" என்றார். இன்ஸ்பெக்ஷன் என்றேன். அவர் நோட்டைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். நகல் போன பட்டியலைத் திருத்தும் வழக்கம் அவருக்கு இல்லை.

மலையேற்றத்தைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. ஏரியைச் சுற்றிப் பழகியவர்களுக்கு மலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடம் வருவதில்லை. முதல் ஒரு மணி நேரம் அரட்டை. இரண்டாவது மணியில் உடம்பைப் பற்றிப் பேச்சு. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. நான் கடைசியில் போனேன். கடைசியில் போகிறவனுக்கு முதுகுகள்தான் காட்சி.

அன்று பாதி மலையில் ஒரு குடிசை. மண் சுவர், போதைப்புல் கூரை, சாணி மெழுகின தரை. உட்கார்ந்தால் தலையில் புல் உதிரும், நின்றால் முகத்தில் உதிரும். கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோணி தொங்கியது. ஸ்ரீரங்கன் முன்யோசனையாகத் தாம்பரத்திலிருந்து ஒரு திண்டுக்கல் பூட்டு கொண்டுவந்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சாமி, பூட்ட கோணில மாட்டிட்டு, சாவிய கரடிகிட்ட குடுத்துடு" என்றார் ஜெயவேலு. பதினோரு பேரும் வரிசையாகப் படுத்தோம். யார் சுவரோரம், யார் கோணியோரம் என்பதை ராஜகோபாலன் வயது மூப்புப்படி நிர்ணயித்தார். பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் படப் படுத்து எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் உச்சியை அடைந்தோம். அங்கே இரண்டே கட்டிடங்கள். ஒன்று நீளமான தகரக் கொட்டகை. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், சரிவில், ஓடு போட்ட ஒரே அறை. மலையில் வீடு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதன் வாசலில் வாட்சர் பொன்னுசாமி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "லக்ஷ்மிநாராயணன் யாரு சார்? வூடு ரெடியா கீது."

மற்றவர்கள் கொட்டகையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஜெயவேலு கையைத் தட்டி, "டோய், சாரு தனிக்குடித்தனம் போறாருடோய்! நம்ம எல்லாருக்கும் கொட்டா, சாருக்கு வூடு! நாங்க இன்னா சார் பாவம் பண்ணோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொன்னுசாமி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருன்னு போட்டுகீது. வூட்ல எங்க சார்?" என்றார். அவருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்துதான் இருக்கிறது. பின்னால் வருகிறாள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதுவரை விளங்கவில்லை. பொன்னுசாமி கையை நெற்றியில் வைத்து, நாங்கள் ஏறிவந்த பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மரியாதைக்காக அந்தப் பக்கம் பார்த்தேன். பாதை கீழே வளைவு வரைக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் மூடுபனி. பிறகு உண்மையைச் சொன்னேன். அவர், "பரவால்ல சார்" என்று என் பையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே போன பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. கொடியில் ஒரு புடவை காய்ந்தது. அது பொன்னுசாமியின் வீடு. உத்தரவு வந்ததும் அவரும் அவர் சம்சாரம் தனமும் தங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு கட்டும் சாய்ப்புக்குப் போய்விட்டார்கள். வராத உனக்கும் வந்த எனக்குமாக, குடியிருந்த இருவரை வீட்டை விட்டுக் கிளப்பியிருக்கிறோம்.

நான் கொட்டகைக்குப் போய்விடுகிறேன் என்றேன். பொன்னுசாமி தாளை நீட்டினார். "ஆர்டர் சார். 'ரெண்டு பேர், வீட்டில்'னு போட்டு கையெழுத்து போட்டுகீது. நாளைக்கு ஐயா வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" இருபத்து நாலு வருஷமாக பாங்கில் இருப்பவன் நான். கையெழுத்திட்ட தாளுக்கு எதிராக மனிதன் சொல்வது எதுவும் செல்லாது என்று தினமும் கவுண்டரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அடுப்பு உள்ளே இருந்ததால் சமையல் மட்டும் உள்ளே நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அது உத்தரவில் இல்லாததால் சம்மதித்தார்.

தனம் வந்து சாமைச் சோறு வடித்தாள். கொள்ளுக் குழம்பு. இரண்டு தட்டு வைத்து இரண்டிலும் பரிமாறினாள். ஒரு தட்டு போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டு பேருக்குன்னு அரிசி அளந்து குடுத்துட்டாங்க. கொட்டவா முடியும்?" என்றாள். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

நான் சாப்பிடும்போது அவள் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு கேள்வி கேட்டாள். உன் உத்தியோகம், ஊர், எத்தனை வருஷம், எல்லாம் சொன்னேன். இரண்டு முறை எனக்கு வந்த பிரமோஷனை, ஊர் மாற்றுவார்கள் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததையும், நீ ஒரே முறை பரீட்சை எழுதி அதை வாங்கிக்கொண்டு போனதையும் சொன்னேன். "அந்தம்மா ஒண்டியா கீது. நீ ஏன் போயி பாக்கல?" என்றாள். லீவு இல்லை என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லீவு இல்லன்ற. இங்க வந்து குந்திகினு கீற?" என்றாள்.

பொன்னுசாமி வெளியிலிருந்து, "ஏய், சாரை நீ வா போன்னு பேசாத" என்று அதட்டினார். கேள்வியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறரைக்கே இருட்டிவிட்டது. கொட்டகையில் சங்கக் கூட்டம் ஆரம்பித்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போதெல்லாம் "அபரகாரியம்" "நாயி" என்று ஒவ்வொரு சொல்லாக வந்து சேர்ந்தது. மறுபக்கம், சாய்ப்பில் அவர்கள் இருவரும் குளிருக்கு நெருப்பு மூட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். விறகு ஈரம் என்பது விஷயம். "பாத்து பாத்து ஈர வெறகாவே பொறுக்கினு வந்துகீற. கண்ணுல இன்னா பூவா பூத்துகீது?" "வாய வச்சி ஊதேன், அதான் நாள் பூரா ஊதற வாயாச்சே!" "பொகைல பொண்டாட்டி செத்தா இன்னொண்ணு கட்டலாம்னு பாக்கற." "கட்டனா அவளும் உன்ன மாதிரிதான் கத்துவா. நீயே இரு." ஒருமணி நேரம் இப்படிப் போனது. இடையில் ஆடு ஒன்று கத்தியது. அதையும் இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டினார்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டு பேருக்கு என்று இரண்டு கம்பளி கொடுத்திருந்தார்கள். குளிர், இரண்டு கம்பளிக்குச் சரியாக இருந்தது.

காலையில் பொன்னுசாமி பதிவேட்டைக் கொண்டுவந்தார். அனுமதித்தது இரண்டு, தங்கியது ஒன்று என்று எழுதினால், மீதி ஒருவருக்கு அளந்த அரிசிக்கும் கம்பளிக்கும் அவர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். "ரெண்டு பேருன்னே போட்டுடு சார்" என்று தலையைச் சொறிந்தார். போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே உன் பெயரையும் எழுதினேன். ஆகவே, சர்க்கார் பதிவேட்டின்படி ஜனவரி பதினேழாம் தேதி நீ என்னோடு மலையில் தங்கியிருக்கிறாய். யாராவது விசாரித்தால் இல்லை என்று சொல்லிவிடாதே. பொன்னுசாமிக்குச் சங்கடம்.

கொட்டகைக்குப் போனபோது, ராஜகோபாலன் நடவடிக்கைக் குறிப்பை எழுதி முடித்திருந்தார். "வராதவர்: லக்ஷ்மிநாராயணன் (வீட்டில்)" என்று இருந்தது. இந்த முறை சரியான அர்த்தத்தில்தான்.

இப்போது கார்டு விஷயம். தாலுகா சப்ளை ஆபீசில் பெயர் நீக்க மனுவைச் செவ்வாய், வெள்ளிகளில் வாங்குகிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை நான் மலையில் இருந்தேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜலதோஷம். இன்று செவ்வாய்தான். ஆனால் இன்று இந்தக் கடிதத்தை எழுதவேண்டியிருந்தது.

ஜபல்பூரில் குளிர் அதிகம் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். காதைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போ. மானேஜர் காதைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சர்க்குலரிலும் இல்லை.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து,
லக்ஷ்மிநாராயணன்


பீர்க்கன்கரணை,
சென்னை-63.
18.2.1992

சௌ. நாகலக்ஷ்மிக்கு, ஆசீர்வாதம்.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைத்தது. நான் எட்டுப் பக்கம் எழுதியதற்கு நீ அரைப் பக்கம் எழுதியிருந்தாய். அதிலும் ஒரே கேள்விதான். தனத்துக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். பதில் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள் கேஷுவல் லீவு, எத்தனை நாள் சேர்ந்தாற்போல் எடுக்கலாம், நடுவில் ஞாயிறு வந்தால் எப்படி என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். அவள் பாதியிலேயே அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள்.

நீ அதற்குமேல் கார்டைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று கடிதங்களில் கேட்டவள் நாலாவதில் கேட்காமல் விட்டது எனக்கு என்னவோபோல் இருந்தது. அதனால் சென்ற வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தாம்பரம் போனேன். லீவு கேட்டவுடன் கிடைத்தது.

மனு ஒரே பக்கம்தான். பெயர் நீக்கக் காரணம் என்ற இடத்தில் இறப்பு, திருமணம், இடமாற்றம் என்று மூன்று அச்சாகியிருந்தன. பொருந்தாதவற்றை அடிக்க வேண்டும். முதல் இரண்டையும் அடித்தேன். கவுண்டரில் ஜெயக்கொடி என்று ஓர் அம்மாள். கார்டைப் புரட்டிப் பார்த்து, "இன்னா சார், இருக்கறதே ரெண்டு பேரு. சம்சாரம் பேர எடுக்கச் சொல்றீங்க? டைவர்ஸா?" என்றாள்.

இல்லை, பிரமோஷன் என்றேன்.

"உங்களுக்கா?"

அவளுக்கு என்றேன்.

"அப்ப நீங்க போவலியா?"

இந்தக் கேள்வியை இவர்களெல்லாம் எங்கே கூடிப் பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் லீவு விதிகளை ஆரம்பிக்கவில்லை. என் பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அவர்களும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மையா என்று சொல்லிய பிறகுதான் யோசித்தேன். ஜெயக்கொடி உன் பெயர் மேல் சிவப்பு மசியால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சீல் வைத்து, கார்டை ஊதிக் காயவைத்துக் கொடுத்தாள். "எடுக்கறது பெரிய வேலையே இல்ல சார். சேக்கறதும் அப்டித்தான். அங்க அவங்க மனு எழுதறப்ப கீழ ஒரு வரி எடம் விட்டு எழுதச் சொல்லுங்க. அப்பால சேத்துக்கலாம். நெருக்கி எழுதிட்டா புது ஃபாரம் கேப்பாங்க" என்றாள். விஷயம் தெரிந்த அம்மாள்.

இங்கே ஊர் விசேஷம் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கன் சங்கத்திலிருந்து ராஜிநாமா செய்துவிட்டு, தனியாக வலமாகச் சுற்றுகிறார். நாங்கள் இடமாகச் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை எதிரே வருகிறார். இரண்டு முறையும் நின்று நமஸ்காரம் சொல்லிக்கொள்கிறோம். சேர்ந்து நடந்த ஆறு வருஷத்தில் நான் அவர் முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை. உடம்பு இளைத்திருக்கிறார். இந்த மாதிரிப் பிடிவாதம் இந்த வயதில் வேண்டாம் என்று நேற்று சொல்லிப் பார்த்தேன். "நீரா சொல்றீர்?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

பாங்கில் இந்த வருஷப் பிரமோஷன் பரீட்சைக்கு சர்க்குலர் சுற்றுக்கு வந்திருக்கிறது. இரண்டு தடவை மறுத்தவர்களும் எழுதலாம் என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. நான் இனிஷியல் போட்டு அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட்டேன். பிறகு அடுத்த மேஜையிலிருந்து வாங்கி இன்னொரு முறை படித்தேன். கடைசித் தேதி மார்ச் பத்து. இப்போதைக்கு அவ்வளவுதான்.

சான்று இத்துடன் இருக்கிறது. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். மடிப்பில் சீல் மறையாமல் பார்த்து மடித்திருக்கிறேன். அங்கே எந்த ஆபீசில் கொடுத்தாலும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடு. மனுவை உன் கையாலேயே எழுது, பியூனை விட்டு எழுதச் சொல்லாதே. உன் பெயருக்குக் கீழே ஜெயக்கொடி அம்மாள் சொன்னபடி ஒரு வரி விட்டு வை. ஒன்றுமில்லை, ஃபாரத்தில் இடம் இருந்தால் நல்லது என்றுதான்.

புது வீட்டில் நன்றாக இரு. எந்த அறையில் காற்று வருகிறதோ அதில் படு.

ஆசீர்வாதங்களுடன்,
லக்ஷ்மிநாராயணன்

பி.கு.: நேற்று ரேஷனுக்குப் போனேன். சர்க்கரை ஒரு கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ போட்டார்கள்.